பாட்டிலுக்குள் ஒரு கரப்பான் பூச்சி!

மழை பலத்துவிட்டால் மாதவரம் பக்கத்து வீடுகளில் ஒரு கூத்து நடக்கும். சாக்கடையில் தண்ணீர் ஏறும். அங்கே குடியிருந்த கரப்பான் பூச்சிகள், குளியல் அறைச் சல்லடை வழியாக வீட்டுக்குள் வரும். அம்மா துடைப்பத்தை எடுப்பார். பிள்ளைகள் கட்டில் மேல் ஏறிக்கொள்வார்கள். அப்பா செருப்பைத் தேடுவார். செருப்பு கிடைப்பதற்குள் பூச்சி பீரோவுக்கு அடியில் போய்விடும்!

இந்தப் பூச்சியை ஆசையோடு வளர்க்கிறவர்களும் உலகத்தில் உண்டு.

சீறும் பூச்சி

அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய இடங்களில் சிலர் நாய், பூனை வளர்ப்பது போலக் கரப்பான் வளர்க்கிறார்கள். அவர்கள் விரும்புவது மடகாஸ்கர் தீவில் பிறந்த பெரிய கரப்பானை. நம் ஆள்காட்டி விரல் நீளம் இருக்கும். இறக்கை கிடையாது. தொட்டால் பாம்பு போல "புஸ்" என்று சீறும்!

சீறுவது வாயால் அல்ல. உடம்பின் பக்கவாட்டில் உள்ள மூச்சுத் துளைகள் வழியாகக் காற்றைத் தள்ளிச் சத்தம் எழுப்புகிறது. ஆணுக்குத் தலைக்கு மேலே கொம்பு போல இரண்டு முண்டுகள் உண்டு. இரண்டு ஆண்கள் சந்தித்தால் ஆட்டுக்கடாக்கள் மாதிரி முட்டிக்கொள்ளும்.

2025-ம் ஆண்டு மார்ச் மாதம் மியான்மரில் பெரிய பூகம்பம் வந்தது அல்லவா? அப்போது சிங்கப்பூர் மீட்புப் படையினர் இந்தக் கரப்பான்களின் முதுகில் சின்னஞ்சிறு கருவிகளைக் கட்டிக் கொண்டு போனார்கள். மனிதன் நுழைய முடியாத இடிபாடுகளுக்குள் அவற்றை அனுப்பித் தேடினார்கள்.

உயிருள்ள வெளிநாட்டுப் பூச்சியை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டு வர முடியாது. அதனால் என்ன? பார்த்து ரசிக்க நம் வீட்டுக் கரப்பானே போதும்.

என்ன செய்ய வேண்டும்?

அகன்ற வாய் உள்ள ஊறுகாய் பாட்டில் ஒன்று வேண்டும். உள்பக்கம், வாய் ஓரமாக வாசலைன் தடவுங்கள். பூச்சி வழுக்கி விழும். மேலே ஏறி வராது. வாயை நெருக்கமான துணியால் மூடி ரப்பர் வளையம் போடுங்கள். உள்ளே ஒளிந்துகொள்ள அட்டைத் துண்டு, குடிக்க ஈரப் பஞ்சு, தின்ன ரொட்டித் துணுக்கு அல்லது காரட் தோல். அவ்வளவுதான் செலவு.

பூச்சியைக் கையால் பிடிக்க வேண்டாம். டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி எடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் இந்த வேலையே வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

கரப்பானுக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது. டார்ச் விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொண்டு இரவில் பாருங்கள். தன்னைப் பார்க்கிறார்கள் என்பதே தெரியாமல் அது தன் காரியத்தைச் செய்யும்.

முதலில் கண்ணில் படுவது மீசைதான். கால் ஒன்றால் மீசையை வளைத்து இழுத்து, வாயில் கொடுத்து, அடி முதல் நுனி வரை சுத்தம் செய்யும். சாக்கடையில் வாழும் பூச்சிக்கு இத்தனை சுத்தமா என்று சிரிப்பு வரும். ஆனால் அதற்கு மூக்கே மீசைதான். அழுக்குப் படிந்தால் மணம் தெரியாது.

அடுத்து, பானம் குடிக்கும் குழாயால் அதன் பின்பக்கம் மெல்ல ஊதுங்கள். ஓட்டம் எடுக்கும்! வால் பக்கத்தில் இரண்டு கொம்புகள் இருக்கின்றன. அவற்றில் உள்ள நுண்ணிய மயிர்கள் காற்று அசைவதைக் கண்டுகொள்கின்றன. செருப்பு கீழே வருவதற்கு முன்னால் செருப்பு தள்ளும் காற்று வந்துவிடுகிறது. அப்பா தோற்பது இதனால்தான்!

ஓட்டத்திலும் சாதாரண ஆள் அல்ல. சாக்கடைக் கரப்பான் ஒரு நொடியில் 1½ மீட்டர் ஓடும் என்று 1991-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் அளந்தார்கள். தன் உடம்பைப் போல 50 மடங்கு தூரம்! அந்தக் கணக்கில் மனிதன் ஓடினால் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் வரும். அந்த வேகத்தில் ஓடும்போது அது ஆறு காலையும் ஊன்றுவது இல்லை. பின்னங்கால் இரண்டால் ஓடுகிறது.

வெள்ளைக் கரப்பான்

பொறுமையாகக் காத்திருந்தால் ஒரு நாள் பாட்டிலுக்குள் வெள்ளை வெளேர் என்று ஒரு பூச்சி நிற்கும். வேறு ஜாதி என்று நினைக்க வேண்டாம். பழைய பூச்சிதான் சட்டையை உரித்து இருக்கிறது. சில மணி நேரத்தில் பழுப்பு நிறம் ஏறிவிடும். உரித்த சட்டையை அதுவே தின்றுவிடுவதும் உண்டு. குஞ்சு பெரிதாகி முடிக்க இப்படி 10 தடவைக்கு மேல் உரிக்க வேண்டும்.

எங்கிருந்து வந்தது?

சாக்கடைக் கரப்பானுக்கு விஞ்ஞானத்தில் "அமெரிக்கக் கரப்பான்" என்று பெயர். ஆனால் அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா! கப்பல் சரக்கோடு உலகம் சுற்றிய பூச்சி அது. ராயபுரம் பக்கத்துத் துறைமுகம், அங்கிருந்து லாரி, மாதவரத்துக் கிடங்கு என்று சாக்கும் அட்டைப் பெட்டியும் போகிற வழி எல்லாம் அதற்கும் வழிதான்.

அடுப்பங்கரையில் திரியும் சின்னக் கரப்பானுக்கு "ஜெர்மன் கரப்பான்" என்று பெயர். இங்கேதான் வேடிக்கை. 17 நாடுகளில் பிடித்த 281 பூச்சிகளின் மரபணுவை ஆராய்ந்து 2024-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன்பு, இந்தியா அல்லது மியான்மர் பகுதியில்தான் அது தோன்றியதாம். ஜெர்மனிக்காரர்கள் பாவம், வீண் பழி சுமந்து இருக்கிறார்கள்!

மூச்சுத் திணறல்

இனி விளையாட்டு இல்லாத விஷயம். கரப்பானின் எச்சம், எச்சில், உரித்த சட்டை ஆகியவை காய்ந்து தூளாகி வீட்டுத் தூசியில் கலக்கின்றன. அது ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு மூச்சு இரைக்கும். அமெரிக்க நகரங்களில் ஆஸ்துமா உள்ள குழந்தைகளைச் சோதித்து 1997-ல் வெளியான ஆராய்ச்சி இதை உறுதி செய்தது. கரப்பான் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள், அது மிகுந்த வீட்டில் இருந்தால் அடிக்கடி ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தது.

"மருந்து அடித்தோம். மறுபடி வந்துவிட்டதே" என்று தாய்மார்கள் அலுத்துக்கொள்கிறார்கள். பாட்டிலைப் பார்த்தால் பதில் கிடைக்கும். பெண் பூச்சி கருஞ்சிவப்பாக ஒரு பையை இடுகிறது. துவரம் பருப்பைவிடச் சற்றுப் பெரிது. அதற்குள் 14, 16 முட்டைகள். தெளிக்கும் மருந்து தாயைக் கொல்லும். பையின் கெட்டியான ஓட்டைத் தாண்டுவது கடினம். ஒன்றரை, இரண்டு மாதத்தில் குஞ்சுகள் வந்துவிடும்.

பீரோ மூலை, பழைய அட்டைப் பெட்டி, கியாஸ் அடுப்பின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் இந்தப் பை ஒட்டிக்கொண்டு இருக்கும். பலர் அதை ஏதோ விதை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பொறுக்கி நசுக்கினால் மருந்துக்கு ஆகும் செலவு குறையும். இரவில் தொட்டியில் ஈரம் இல்லாமல் துடைத்து, சல்லடைக்கு மூடி போட்டால் இன்னும் நல்லது.

பாட்டிலில் பை விழுந்தால் அன்றைய தேதியைத் தாளில் எழுதி ஒட்டுங்கள். பொரிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எறும்பு அளவு குஞ்சுகள் துணியில் சிறு இடுக்கு கிடைத்தாலும் நழுவிவிடும். ஒரு மாதத்துக்குள் கொதிக்கும் தண்ணீரைப் பைமேல் ஊற்றிவிடுங்கள்.