உங்களுக்குத் தெரியுமா? பாதிப் படிப்பு மணிப்பாலில், பிரசவம் மலாக்காவில்!

கருப்பையின் உடற்கூற்றைக் கர்நாடகத்தில் படித்து, பிரசவம் பார்க்க மலாக்காவில் கற்ற டாக்டர்கள் நம்மிடையே நிறையப் பேர். 1997இல் தொடங்கிய மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் முதல் இரண்டரை ஆண்டை மணிப்பாலிலும், மீதியை மலாக்காவிலும் மூவாரிலும் கழித்தார்கள்.

• மலாக்காவின் ஜாசினோ அலோர் காஜாவோ, அரசாங்க கிளினிக்கில் கர்ப்பிணியின் அட்டைக்கு ஒரு நிறம் உண்டு. சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. மஞ்சள் என்றால் நிபுணத்துவ டாக்டரிடம் அனுப்புவார்கள். வெள்ளை என்றால் கிளினிக் நர்ஸே கவனித்துக்கொள்வார். (பாட்டி காலத்துத் தோட்டத்தில் எல்லா நிறத்துக்கும் டிரஸரும் மருத்துவச்சியும்தான்!)

• பெண்கள் நலம் பிரசவ வார்டோடு முடிவதில்லை. மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலியோடு மூச்சுத்திணறல், குமட்டல், தாடைவலி, முதுகுவலி ஆகியவை ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். “கேஸ்தான்” என்று ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்துவிடாதீர்கள்.

• பிள்ளை பெறும் வயதுப் பெண்களைப் புதிய மருந்துகளின் ஆரம்பக்கட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வழிகாட்டியது. அந்த வழிகாட்டுதல் விலக்கப்பட்டது 1993இல்.

• அதே அமைப்பு, சோல்பிடெம் தூக்க மாத்திரையின் அளவைப் பெண்களுக்குப் பாதியாகக் குறைக்கச் சொன்னது 2013இல். மாத்திரை அங்கே விற்பனைக்கு வந்து அப்போது 20 ஆண்டு ஆகியிருந்தது!