கடைசிப் பக்கத்தைப் புரட்டலாமா?

மர்ம நாவல் படிப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. முதல் பக்கத்தில் தொடங்கி ஒழுங்காகக் கடைசிப் பக்கம் வரை போகிறவர்கள் ஒரு கட்சி. பாதியிலேயே பொறுமை இழந்து, கடைசி அத்தியாயத்தைப் புரட்டிக் கொலையாளி யாரென்று பார்த்துக்கொண்டு, பிறகு நிம்மதியாக விட்ட இடத்துக்குத் திரும்புகிறவர்கள் மற்றொரு கட்சி. “இவர்களெல்லாம் எதற்காகப் படிக்கிறார்கள்?” என்று முதல் கட்சியார் கேட்பார்கள். “முடிவு தெரிந்தால் கெட்டுப் போகிற கதை ஒரு கதையா?” என்று இரண்டாம் கட்சியார் திருப்பிக் கேட்பார்கள்.

இரண்டு கேள்வியுமே நியாயமான கேள்விதான். மர்ம நாவலில் வாசகருக்கு வேண்டியது விடையா, அல்லது விடைக்குப் போகும் வழியா?

மூன்றாவது கட்சி ஒன்றும் இருக்கிறது. அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் அதன் தலைவர். “யார் யாரைக் கொன்றால் என்ன?” என்ற பாணியில் 1945-ல் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரை பெரிய புயலைக் கிளப்பியது. துப்பறியும் கதை படிப்பது சிகரெட்டுக்கும் குறுக்கெழுத்துப் போட்டிக்கும் நடுவே வைக்க வேண்டிய ஒரு சில்லறைக் கெட்ட பழக்கம் என்பது அவர் தீர்ப்பு. ஆனால் அவர் பரிகாசம் செய்த நாவல் இன்னும் அச்சில் இருக்கிறது, இன்னும் விற்பனையாகிறது.

ஏமாற்றியது யார்?

அந்த நாவல்தான் அகதா கிறிஸ்டி 1926-ல் வெளியிட்ட ‘ரோஜர் அக்ராய்டின் கொலை’. துப்பறியும் நிபுணர் ஹெர்க்யூல் பொய்ரோ தொழிலை விட்டு ஓய்வு பெற்று, ஓர் ஆங்கிலேயக் கிராமத்தில் பூசணி வகைக் காய் பயிரிட்டுக்கொண்டிருக்கிறார். ஊரிலே பெரிய பணக்காரர் கொலையாகிறார். மீதியைச் சொல்வது பாவம்.

ஆனால் ஒன்று சொல்லலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றிலே மறைத்தார் என்பார்களே, அதை உண்மையிலேயே செய்து காட்டியவர் கிறிஸ்டி. விடை வாசகரின் கண்ணெதிரே நிற்கிறது. கண்டுகொள்பவர் மிகக் குறைவு.

புத்தகம் வந்தவுடன், “இது மோசடி!” என்று ஒரு சாரார் கூச்சலிட்டார்கள். துப்பறியும் கதை எழுத்தாளரான டாரதி சேயர்ஸ் கிறிஸ்டியின் பக்கம் நின்றார். எல்லோரையும் சந்தேகிக்க வேண்டியது வாசகரின் வேலை என்பது அவர் வாதம்.

இந்தச் சண்டையின் சூடு ஆறுவதற்குள்ளேயே சட்டங்களும் பிறந்தன. 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்ட வேண்டும். பேய் பிசாசு உதவக்கூடாது. உலகம் அறியாத விஷம் கூடாது. ரகசிய அறை ஒன்றுக்கு மேல் கூடாது. துப்பறிபவரே குற்றவாளியாக இருக்கக்கூடாது. 1930-ல் லண்டனில் துப்பறியும் எழுத்தாளர்கள் ஒரு சங்கமே கூட்டி, செஸ்டர்டனைத் தலைவராக்கி, வாசகரை வஞ்சிப்பதில்லை என்று சத்தியம் செய்து கொண்டார்கள்.

இன்று பார்த்தால் இதெல்லாம் விளையாட்டாகத் தோன்றும். ஆனால் இதற்கு அடியில் ஒரு நியாயம் கிடக்கிறது. வாசகர் காசும் கொடுத்து, இரண்டு இரவுத் தூக்கத்தையும் கொடுக்கிறார். பதிலுக்கு ஆசிரியர் நாணயத்தோடு நடக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் யாருமே அறியாத ஒரு சித்தப்பாவைக் கொண்டு வந்து நிறுத்தி, “இவர்தான் கொலையாளி” என்றால், புத்தகத்தை வீசி எறியத்தான் தோன்றும்.

பழைய புகார் என்னாயிற்று? 2013-ல் பிரிட்டிஷ் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தார் வாக்கெடுத்தபோது, அதுவரை வந்த நாவல்களிலே தலைசிறந்ததென்று தேர்ந்தெடுக்கப்பட்டது ‘ரோஜர் அக்ராய்டின் கொலை’யேதான். திரும்பப் படித்தவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் சோதித்துப் பார்த்தார்கள்; பொய் எதுவும் அகப்படவில்லை!

மேஜைக்கு அடியில் குண்டு

மர்மம் வேறு, திகில் வேறு. இந்த வித்தியாசத்தை ஆல்பிரட் ஹிட்ச்காக் அழகாக விளக்கினார். இருவர் மேஜையருகே உட்கார்ந்து ஊர்வம்பு பேசுகிறார்கள். திடீரென்று குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குக் கிடைப்பது பதினைந்து விநாடி அதிர்ச்சி. அதே காட்சியில், மேஜைக்கு அடியில் குண்டு இருப்பதும், அது எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதும் முன்பே நமக்குத் தெரிந்துவிட்டால்? அந்த ஊர்வம்பே நெஞ்சைப் பிசையும். பதினைந்து விநாடி, பதினைந்து நிமிஷமாகிவிடுகிறது.

இந்த ரகசியத்தை அறிந்தவர் பிரான்சிஸ் ஐல்ஸ். அது புனைபெயர், மேற்சொன்ன சங்கத்தை உண்டாக்கியவரான ஆன்டனி பெர்க்லி காக்ஸ்தான் அவர். அவருடைய 1931-ஆம் வருஷத்து நாவலில், டாக்டர் ஒருவர் மனைவியைக் கொல்லத் தீர்மானிக்கிறார் என்ற செய்தி தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. ‘யார்?’ என்ற கேள்வி போய், ‘தப்புவாரா?’ என்ற கேள்வி வந்து உட்காருகிறது.

ஜப்பானியரான கெய்கோ ஹிகாஷினோ 2005-ல் வெளியிட்டு, நவோகி பரிசு பெற்ற ‘சந்தேக நபர் எக்ஸின் பக்தி’ இந்த வழியில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் தாய், தொல்லை கொடுக்க வந்த முன்னாள் கணவனை மகளோடு சேர்ந்து கொன்றுவிடுகிறாள். அடுத்த வீட்டுக் கணக்கு வாத்தியார் அவர்களைக் காப்பாற்ற முன்வருகிறார். யார், ஏன், எப்படி எல்லாம் முதலிலேயே தெரியும். “இனி என்ன மர்மம்?” என்று வாசகர் அசந்திருக்கும்போது, தமக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணியதே தவறு என்பது கடைசியில்தான் புலப்படுகிறது. படித்து முடித்த பின் நெஞ்சில் நிற்பது புதிர் அல்ல. ஒரு தனி மனிதன் அன்புக்காகக் கொடுத்த விலை.

முடிவு ஊரறிந்த கதை

பிரடெரிக் போர்சைத் 1971-ல் வெளியிட்ட ‘தி டே ஆப் தி ஜக்கல்’ கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குச் சரியான பதில். பிரெஞ்சு ஜனாதிபதி டிகாலைக் கொல்ல, பெயர் தெரியாத ஓர் ஆங்கிலேயனைக் கூலிக்கு அமர்த்துகிறார்கள். கதை நடப்பது 1963-ல். டிகால் இயற்கையாக இறந்ததோ 1970 நவம்பரில். ஆகவே கொலை நடக்காது என்பது உலகம் அறிந்த விஷயம். நாவலைத் திருப்பியனுப்பிய பதிப்பாளர்களும் இதைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

ஆனால் படித்தவர்கள் உள்ளங்கை வியர்க்கப் படித்தார்கள். ஏன்? பாரிஸில் ராய்ட்டர் நிருபராக இருந்தவர் போர்சைத். 1962 ஆகஸ்டில் டிகாலின் கார் மீது உண்மையிலேயே துப்பாக்கிச் சூடு நடந்தது. நாவல் அதிலிருந்தே தொடங்குகிறது. கொலைகாரன் சிறு வயதில் இறந்த ஒரு குழந்தையின் பெயரைக் கல்லறையில் தேடிப் பிடித்து, பிறப்புச் சான்றிதழ் வாங்கி, அந்தப் பெயரிலேயே பாஸ்போர்ட் பெறுகிறான். ஒவ்வொரு காரியமும் இப்படி நடக்கக் கூடியதாக இருக்கிறது. பிற்காலத்தில் இத்தகைய மோசடிக்கே அந்த நாவலின் பெயர் வழங்கலாயிற்று என்றால் பாருங்கள்! துப்பாக்கியோடு வருகிறவனும் அவனைத் தேடுகிற போலீஸ் அதிகாரி லெபலும் நெருங்க நெருங்க, சரித்திரம் மறந்து போகிறது.

துப்பாக்கியே இல்லாமலும் பயமுறுத்தலாம். டாப்னி டு மாரியே 1938-ல் எழுதிய ‘ரெபெக்கா’வில் இறந்து போன முதல் மனைவியின் பெயர் வீடெங்கும் ஒலிக்கிறது, கதை சொல்லும் இரண்டாம் மனைவிக்குக் கடைசி வரை பெயரே கிடையாது. வீட்டு நிர்வாகி டான்வர்ஸ் அம்மாள் கதவோரம் வந்து நின்றால் போதும், நமக்குக் குளிர் எடுக்கும்.

மனச்சாட்சிக்கு ஒரு சோதனை

மேலே கண்ட கதைகளெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும். பட்ரிசியா ஹைஸ்மித்தின் நாவல் மனத்தையே கலக்கும். 1955-ல் வந்த ‘திறமைசாலி ரிப்ளி’யில், இத்தாலியில் உல்லாசமாகத் திரியும் மகனை அழைத்து வரும்படி ஒரு செல்வந்தர் டாம் ரிப்ளியை அனுப்புகிறார். ரிப்ளி அந்த மகனைக் கொன்று, அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவன் கையெழுத்தையும் போட்டுக்கொண்டு வாழத் தொடங்குகிறான்.

போலீஸார் கதவைத் தட்டுகிறார்கள். நம் நெஞ்சு திக்கென்கிறது. யாருக்காக? கொலைகாரனுக்காக! அவன் அகப்பட்டுவிடக் கூடாதே என்று நாம் தவிக்கிறோம். செத்தவனை மறந்தே போகிறோம். புத்தகத்தை மூடிய பிறகுதான், நாம் யார் கட்சியில் நின்றோம் என்பது உறைக்கிறது.

இது ஆபத்தல்லவா என்று சிலர் கேட்கலாம். குற்றவாளி என்றால் கொம்பு முளைத்தவன், நம்மைப் போன்றவன் அல்ல என்ற எண்ணமே அதைவிட ஆபத்தானது. கிறிஸ்டியின் கதை முடிந்ததும் ஊர் சுத்தமாகிவிடுகிறது. குற்றம் அகன்றது என்று நிம்மதியாகத் தூங்கலாம். ஹைஸ்மித் அந்த நிம்மதியைத் தருவதில்லை. நல்ல வாசகருக்கு இரண்டும் வேண்டும். ஒன்று, நியாயம் வெல்லும் என்ற தைரியத்தைத் தருகிறது. மற்றொன்று, அதற்கு நாமும் காவல் இருக்க வேண்டும் என்று எச்சரிக்கிறது.

அப்படியானால் கடைசிப் பக்கத்தைப் புரட்டலாமா? அவரவர் இஷ்டம். ஆனால் ஒரு நாவல் நல்ல நாவலா என்று அறிய எளிய வழி உண்டு. முடிவு தெரிந்த பிறகு மறுபடி படிக்க வேண்டும். வெறும் வித்தை, இரண்டாம் தடவையில் சாயம் வெளுத்துவிடும். நல்ல கதையில், முதலில் கண்ணில் படாத நூறு விஷயங்கள் அப்போதுதான் கண்ணில் படும்.

இன்னொன்று. கிறிஸ்டியின் ‘எலிப்பொறி’ நாடகம் 1952 நவம்பரில் லண்டனில் தொடங்கியது. நாடகம் முடிந்ததும், “கொலையாளி யாரென்று வெளியே சொல்லாதீர்கள்” என்று சபையோரைக் கேட்டுக்கொள்வது அங்கே வழக்கம். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கும் அதே வேண்டுகோள்தான். தெரிந்துகொண்டதைத் தம்மோடு வைத்துக்கொண்டால் போதும். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் பாதிப் புத்தகத்தில்தான் இருக்கிறார்!