மடியில் கனம்

'மடியில் கனமில்லையேல் வழியில் பயமில்லை' என்பது நம் முன்னோர் வாக்கு. இணையத்திலும் கைப்பேசியிலும் நம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று யாரேனும் பேச்செடுத்தால், இப்பழமொழியே உடனடி மறுமொழியாக வந்து நிற்கிறது. "நாம் எவருக்கும் தீங்கு செய்யவில்லை, நம்மிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? பார்ப்பவர் பார்த்துவிட்டுப் போகட்டும்" என்று குடும்பத் தலைவர்கள் பலர் கூறக் கேட்கிறோம். கள்ளமற்ற உள்ளத்தினின்று எழும் சொல் அது. ஆயினும், சரியான சொல்தானா என்று சற்றே நின்று சிந்திப்போம்.

பழமொழியில் வரும் வழிப்போக்கன் யார்? மாட்டுச் சந்தையில் காளையை விற்று, அப்பணத்தை மடியில் முடிந்துகொண்டு, அந்தி நேரத்தில் புளியந்தோப்பு வழியே வீடு திரும்பும் உழவன் அவன். அவன் திருடன் அல்லன். அவன் மடியில் கனப்பது குற்றமன்று, உழைப்பின் பயன். பறிகொடுப்பதற்கு ஏதோ ஒன்று உள்ளவனே அஞ்சுகிறான். அது நேர்மையாய் ஈட்டியதாயினும் அஞ்சத்தான் வேண்டும். அவ்வாறாயின், இன்று கனமில்லாத மடி எவருடையது? வங்கிக் கணக்கு, ஆதார் எண், மருத்துவரின் சீட்டு, மகளின் புகைப்படம், உற்றார் உறவினரின் தொலைபேசி எண்கள் ஆகிய யாவும் உள்ளங்கையளவுள்ள ஒரு கருவிக்குள் அடங்கிக் கிடக்கின்றனவே!

நீலநிற உள்நாட்டுக் கடிதத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அஞ்சலட்டை அதனினும் மலிவு. எனினும், மகளின் பிரசவச் செய்தியையும் மருமகனின் வேலைத் தடுமாற்றத்தையும் எழுத நேர்ந்தபோது, நம் தாய்மார்கள் கூடுதல் காசு கொடுத்து அந்த நீலத்தாளை வாங்கினார்கள். ஓரங்களை மடித்துச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினார்கள். அவர்கள் எந்தச் சதியும் செய்யவில்லை. வீட்டுச் செய்தி வீட்டாருக்கே உரியது என்று அறிந்திருந்தார்கள், அவ்வளவே.

ஒரு சகோதரிக்கு நேர்ந்தது

நாம் அறிந்த தையற்காரச் சகோதரி ஒருவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக, 5,000 ரூபாய் கடன் தருவதாகச் சொன்ன செயலி ஒன்றைத் தம் கைப்பேசியில் நிறுவினார். தொடர்பு எண்களைப் பார்க்கலாமா, புகைப்படங்களைப் பார்க்கலாமா என்று அது ஒவ்வொன்றாய்க் கேட்க, அவரும் ஒவ்வொன்றுக்கும் சம்மதம் என்று அழுத்தினார். பிடித்தம் போகக் கையில் வந்தது 3,000 ரூபாயும் சில்லறையும். ஏழே நாளில் முழுத் தொகையும் திருப்பித் தரவேண்டும் என்பது ஏற்பாடு.

எட்டாம் நாள் காலையில் அவருடைய அண்ணனுக்கு அழைப்பு வந்தது. பின்னர் மகளின் ஆசிரியைக்கு. அதன் பின்னர், இரவிக்கை தைக்கத் துணி கொடுத்திருந்த பெண்கள் பலருக்கு. 'மோசடிக்காரி' என்ற எழுத்துகளுடன் அவருடைய புகைப்படமும் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நமக்கும் வந்தது. அவர் வேறிடத்தில் கைமாற்று வாங்கிக் கடனை அடைத்தார். ஆயினும், தைத்து முடித்த துணிகளை வாங்கிச் சென்றவர்களுள் சிலர் மறுபடியும் அக்கடைப் படியை மிதிக்கவில்லை.

ஆறுதல் கூறச் சென்ற நம்மிடம் அவர் சொன்ன ஒரு சொல் இன்னும் நெஞ்சை விட்டு அகலவில்லை. "கடன் வாங்கியது நான் ஒருத்தி, ஐயா, அடகு வைத்ததோ உங்கள் எல்லாரையும்!"

மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்போர் இவ்வொரு சொல்லைச் சிந்திப்பாராக. அச்சகோதரியிடம் மறைக்கத்தக்க குற்றம் ஏதுமில்லை. அவரிடம் இருந்தவை அவருடைய நற்பெயரும், அவரை நம்பித் தம் எண்ணைக் கொடுத்தவர்களின் பெயர்களுமே. பறிபோனவையும் அவைதாம்.

இத்தகைய கொடுமைகள் பெருகியதைக் கண்ட இந்திய ரிசர்வ் வங்கி, கடன் தரும் செயலிகள் வாடிக்கையாளரின் தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் கோப்புகளையும் தொடலாகாது என்று 2022 செப்டம்பரில் நெறிமுறை வகுத்தது. ஆனால் எந்த வங்கிக்கும் எந்த நெறிமுறைக்கும் கட்டுப்படாத கள்ளச் செயலிகளுக்கு இது வேலியாகுமா? ஆகவே நம் கதவுக்கு நாமே தாழிட வேண்டியவர்களாகிறோம்.

அயலாரின் கதவும் நம் கையில்

அந்தரங்கம் என்பது தனிமனிதரின் சொந்த விவகாரம் என்றே பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறன்று என்பதை 2018-ஆம் ஆண்டு உலகமே கண்டது. ஃபேஸ்புக்கில் ஓர் ஆய்வாளர், மனிதரின் குணநலன்களைக் கணித்துக் கூறும் வினா விடைச் செயலி ஒன்றை வெளியிட்டிருந்தார். அதில் விளையாடியவர்களின் விவரங்களோடு, அவர்களுடைய நண்பர்களின் விவரங்களும் திரட்டப்பட்டு, அரசியல் பிரசாரப் பணிகளைச் செய்துவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் நிறுவனத்தின் கைக்குப் போயின. உலகெங்கும் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரை இதில் சிக்கியிருக்கலாம் என்று ஃபேஸ்புக் நிறுவனமே தெரிவித்தது.

நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் அச்செயலியைத் தாமே நிறுவியவர்கள் 335 பேர் மட்டுமே. நண்பர் என்ற ஒரே காரணத்தால் விவரங்கள் பறிபோயிருக்கக்கூடியவர்களோ 5,62,120 பேர்! இவர்கள் எதற்கும் சம்மதம் தரவில்லை, கேட்கப்படவுமில்லை. யாரோ ஒருவர் பொழுதுபோக்காய் அழுத்திய ஒரு பொத்தான், இவர்கள் வீட்டுக் கதவையும் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்க அரசின் வணிக ஆணையம் ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. ஆனால், வெளியே சென்ற விவரத்தை எந்த அபராதம் திரும்ப அழைத்துவரும்?

இலவசத்தின் விலை

தேடித் தருகிறார்கள், வழி காட்டுகிறார்கள், கடிதம் கொண்டுசேர்க்கிறார்கள். எதற்கும் காசு கேட்பதில்லை. இவ்வளவு தாராளம் எங்ஙனம் இயலும்? கூகுள், ஃபேஸ்புக் போன்ற பெருநிறுவனங்களின் வருவாயில் பெரும்பகுதி விளம்பரத்தினின்றே வருகிறது. எவர் எதை விரும்புவார், எதற்கு அஞ்சுவார், எப்போது வாங்குவார் என்று அறிந்து விளம்பரம் செய்வோருக்கே அதிக ஆதாயம். ஆதலால் நாம் தேடுவதும், தயங்கி நிற்பதும், நடந்து செல்லும் தெருவுங்கூடக் குறித்துவைக்கப்படுகின்றன.

பெண்கள் தம் மாதாந்தர உடல்நிலையையும் கருவுற்ற செய்தியையும் குறித்து வைக்கப் பயன்படுத்திய 'ஃப்ளோ' என்னும் செயலி, அவ்விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் முதலிய நிறுவனங்களுக்குத் தெரியப்படுத்தியதாக 2021-இல் அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. கணவரிடமும் தாயிடமும் சொல்வதற்கு முன்னரே ஒரு பெண்ணின் தாய்மையை வணிகர் அறிந்துகொள்வதா!

"பெயர் இல்லாமல் எண்ணாகத்தானே வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்கலாம். 2006-ஆம் ஆண்டில் ஏ.ஓ.எல். என்னும் அமெரிக்க நிறுவனம், ஏறத்தாழ 6,50,000 பேர் மூன்று மாதங்களில் தேடியவற்றை, ஆராய்ச்சிக்கு உதவும் என்று கருதி, பெயர்களுக்குப் பதிலாக எண்களை இட்டு வெளியிட்டது. சில நாள்களிலேயே பத்திரிகையாளர்கள் அவ்வெண்களுள் ஒன்றுக்குரிய பெண்மணியைக் கண்டுபிடித்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். பட்டியலில் நோய்களைப் பற்றிய தேடல்களும் இருந்தன. அவற்றுள் பல அவருக்கு வந்த நோய்கள் அல்ல. தோழியரின் கவலையைத் தணிக்க அவர்கள் பொருட்டுத் தேடியவை! பட்டியலை மட்டும் பார்ப்பவர் அவரைத் தீராத நோயாளி என்றே முடிவு கட்டியிருப்பார். நாம் யார் என்பதை நம் தேடல்களைக் கொண்டு பிறர் தீர்மானிப்பதில் உள்ள ஆபத்து இதுவே. உண்மை தெரிந்துவிடும் என்பது ஒருபுறமிருக்க, உண்மையல்லாத ஒன்று உண்மையென நிலைபெற்றுவிடவும் கூடும்.

சட்டம் என் சொல்கிறது?

அந்தரங்கம் வசதி படைத்தோரின் கவலை, ஏழைக்கு வேண்டியது சோறும் வேலையுமே என்று வாதிடுவோர் உண்டு. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி அவர்கள், ஆதார் திட்டத்தை எதிர்த்துத் தம் 86-ஆம் வயதில், 2012-இல், உச்ச நீதிமன்றத்தை நாடினார். அவ்வழக்கில் எழுந்த அடிப்படைக் கேள்வியை ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரித்து, 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாய்த் தீர்ப்பளித்தது. அந்தரங்கம் காக்கும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு உறுதியளிக்கும் உயிர் வாழும் உரிமையின் பாற்பட்டது என்பதே அத்தீர்ப்பு. ஏழைகளுக்கு இவ்வுரிமை தேவையில்லை என்னும் வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. குடிசைக்கும் கதவு வேண்டும் அல்லவா?

இதன் தொடர்ச்சியாக 2023-இல் மின்னணுத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மக்களின் விவரங்களைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அது இடமளிக்கிறது. 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றும் கூறுகிறது. இதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பெரும்பாலான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டது. அரசு அமைப்புகளுக்கு இச்சட்டம் தரும் விலக்குகள் மிகுதி என்ற விமரிசனமும் உண்டு. எவ்வாறாயினும், தாமே கதவைத் திறந்து வைப்போரைச் சட்டம் எவ்வளவு தூரம் காத்துவிட முடியும்?

இல்லத்தில் தொடங்குவோம்

பெரிய கல்வி ஏதும் இதற்குத் தேவையில்லை. மாலையில் குடும்பமாய் அமர்ந்து, வீட்டிலுள்ள கைப்பேசிகளை ஒருமுறை பார்வையிடுவோம். எந்தச் செயலிக்கு எந்த அனுமதி தரப்பட்டுள்ளது என்பது அமைப்புகள் பகுதியில் தெரியும். கைவிளக்காய் உதவும் செயலிக்கு நம் உறவினரின் எண்கள் எதற்கு? வேண்டாத அனுமதியை நீக்குவோம். வேண்டாத செயலியை அகற்றுவோம்.

ஆதார் நகலை ஜெராக்ஸ் கடை மேசையில் விட்டுவரும் வழக்கத்தை விடுவோம். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் 'மறைக்கப்பட்ட ஆதார்' நகலை ஆதார் ஆணையமே வழங்குகிறது. பல இடங்களில் அதுவே போதும். கடையில் பில் போடக் கைப்பேசி எண்ணைக் கேட்டால், மறுக்க நமக்கு உரிமையுண்டு. எண் தராவிட்டால் பொருள் இல்லை என்று வற்புறுத்தலாகாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே வணிகர்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்டாலும், அவர் வங்கி அதிகாரி என்றாலும் காவல் அதிகாரி என்றாலும், சொல்லாதிருப்போம். பணம் பறிபோய்விட்டதாயின் நாணி ஒளியாமல் 1930 என்னும் எண்ணை உடனே அழைப்போம். காலம் தாழ்த்தினால் மீட்பது கடினம்.

பிள்ளைகளின் புகைப்படங்களைப் பள்ளிச் சீருடையோடும் ஊர்ப்பெயரோடும் உலகுக்குக் காட்டுமுன் ஒருகணம் நினைப்போம்: வளர்ந்தபின் அப்பிள்ளை இதை விரும்புமா? பிறருடைய படத்தையோ, நோயையோ, துயரத்தையோ குழுக்களில் பகிருமுன் அவரிடம் ஒரு சொல் கேட்போம். வீட்டில் முதியோர் இருப்பின், "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கடிந்துகொள்ளாமல், அருகமர்ந்து பொறுமையோடு கற்றுக் கொடுப்போம். ஏமாந்தபின் பிள்ளைகளிடம் சொல்ல அஞ்சி, பெற்றோர் மேலும் மேலும் பணத்தை இழப்பதும் நடக்கிறது.

மீண்டும் அந்த உழவனை நினைத்துப் பார்ப்போம். ஊரார் அவனிடம், "டவுனுக்குப் போகிறாயே, இதை என் தம்பியிடம் சேர்த்துவிடு" என்று பணம் கொடுத்தனுப்புவதுண்டு. தன் பணம் மட்டும் மடியில் இருந்தபோது ஒருமுறை முடிச்சைத் தொட்டுப் பார்த்தவன், அயலாரின் பணமும் சேர்ந்துவிட்டால் அடிக்கு ஒருமுறை தொட்டுப் பார்ப்பான். இன்று நம் மடியில் கனப்பது நம்முடையது மட்டுமன்று. நம்மை நம்பியோரின் பெயரும் எண்ணும் முகமும் மானமும் அதில் முடிந்திருக்கின்றன. முடிச்சை இறுகக் கட்டிக்கொள்வோம்.