காத்திருப்பு எந்த நாளில் தொடங்குகிறது?

அமெரிக்காவில் இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்காகச் சுமார் 90,000 பேர் தேசியப் பட்டியலில் காத்திருக்கிறார்கள். ரத்த வகை, திசுப் பொருத்தம், மருத்துவமனையின் தூரம் எல்லாம் பார்க்கப்பட்டாலும், யாருக்கு முதலில் என்பதில் காத்திருந்த காலத்துக்குக் கனம் அதிகம். அந்தக் காலத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் பல ஆண்டுகளாகச் சிக்கல் இருந்தது.

2014 டிசம்பருக்கு முன், டயாலிசிஸ் செய்துகொண்டிருப்பவருக்கும் பட்டியலில் பெயர் ஏறிய நாள்தான் கணக்கு. சிறுநீரக மாற்று சிகிச்சை பற்றி யாரும் எடுத்துச் சொல்லாததால் மூன்று ஆண்டுகள் டயாலிசிஸிலேயே கழித்தவர், அந்த மூன்று ஆண்டுகளையும் இழந்தார். இவர்களில் ஏழைகளும் கறுப்பினத்தவரும் அதிகம். 2014 விதி, டயாலிசிஸ் தொடங்கிய நாளுக்கே கணக்கைப் பின்தள்ளியது.

டயாலிசிஸுக்கு முன்பே மாற்று சிகிச்சை செய்துகொள்வது இன்னும் நல்லது. பொருத்திய சிறுநீரகம் நீண்ட காலம் உழைக்கும். அதற்கு, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 20 மில்லிலிட்டரோ அதற்குக் கீழோ இருக்கும்போதே காத்திருப்பு தொடங்க விதி இடம் தருகிறது. ஆனால் இந்தத் திறனை வழக்கமாக நேரடியாக அளப்பதில்லை. ரத்தத்திலுள்ள கிரியாட்டினின் அளவு, வயது, பாலினம் ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் இட்டு மதிப்பிடுகிறார்கள். 1999-இல் வந்த சூத்திரமும், 2009-இல் அதன் இடத்தைப் பிடித்த சூத்திரமும் இனத்தையும் கேட்டன. கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம், அதனால் கிரியாட்டினினும் அதிகம் என்ற அனுமானத்தில், அவர்களுக்கு வரும் விடையை 2009 சூத்திரம் 1.159-ஆல் பெருக்கியது.

பெருக்கிப் பார்த்தால் விளைவு தெரியும். மற்றவருக்கு 18 என்று வரும் அதே ரத்தம், கறுப்பினத்தவருக்கு ஏறக்குறைய 21 காட்டும். முன்னவருக்குப் பட்டியலில் காலம் ஓடத் தொடங்கும். பின்னவர் நோய் இன்னும் முற்றும்வரை வெளியே நிற்பார். தாய் கறுப்பினம், தந்தை வெள்ளையர் என்றால் பெருக்குவதா வேண்டாமா என்பதற்குச் சூத்திரத்தில் விடை கிடையாது. மருத்துவ அறிவியல் இதை இருபது ஆண்டுகளுக்கு மேல் சகித்துக்கொண்டது வியப்புதான். அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13 சதவீதம். சிறுநீரகம் செயலிழந்தவர்களிலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

2021-இல் சிறுநீரக மருத்துவர்களின் பணிக்குழு இனத்தை நீக்கிய புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தது. தேசியப் பட்டியலை நடத்தும் உறுப்பு மாற்று வலையமைப்பு 2022-இல் பழைய கணக்கைத் தடைசெய்தது. அதோடு நிற்காமல், 2023 ஜனவரியில் பழைய பாக்கியையும் தீர்க்க முனைந்தது: ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பட்டியலிலுள்ள கறுப்பின நோயாளிகளின் பழைய பரிசோதனை முடிவுகளைத் தேடி, பெருக்கல் இல்லாதிருந்தால் எந்த நாளில் 20-ஐத் தொட்டிருப்பார்கள் என்று கண்டு, அந்த நாளிலிருந்து காத்திருப்பைத் திருத்தவேண்டும். இதற்கு ஓராண்டு கெடு. 2024-இன் தொடக்க மாதங்களுக்குள் 14,000 பேருக்கு மேல் திருத்தம் கிடைத்தது. சராசரியாகச் சுமார் இரண்டு ஆண்டுகள் கூடின. சிலருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைக்க அதுவே போதுமானதாக இருந்தது.

திருத்தத்துக்குச் சான்று வேண்டும் என்பதில் ஓர் ஓட்டை இருக்கிறது. சிறுநீரகம் முழுதாகக் கெட்ட பிறகே முதன்முதலாக மருத்துவரிடம் போனவருக்குக் காட்டப் பழைய ரத்தப் பரிசோதனை ஏதும் இருக்காது. மாற்று சிகிச்சைக்கு யாராலும் பரிந்துரைக்கப்படாமல் டயாலிசிஸ் நிலையத்துக்கே வந்துபோய்க்கொண்டிருப்பவரின் பெயர் பட்டியலிலேயே இல்லை. திருத்தம் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.