திருப்பும்போது கேட்கும் சப்தம்

பதினான்கு வருஷங்களாக எங்கள் குடும்பத்தைச் சுமந்து வந்த ஏழு பேர் வண்டி, சென்ற ஐப்பசி மாதத்து மழை நாட்களில், வீட்டு வாசலில் திருப்பி நிறுத்தும் வேளையில் முதன்முதலாக முனக ஆரம்பித்தது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீண்டு ஒலிக்கும் அந்த முனகல், சற்றுத் தூரம் ஓடிய பிறகு தணிந்துவிடும். அதனோடு சம்பந்தமில்லாத இன்னொரு சப்தமும், வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கத்து இடது சக்கரத்தருகே 'டொக்' என்று, சில வாரங்களில் சேர்ந்துகொண்டது. இரண்டையும் ஒரே வியாதியாகக் கருதி, ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் "ஸ்டியரிங்கில் சப்தம் வருகிறது" என்று மாத்திரம் சொல்லி வண்டியை விட்டு வந்தேன். அவர்கள் ஜாப் கார்டில் 'ஸ்டியரிங் சப்தம்' என்று இரண்டே வார்த்தைகள் எழுதிக்கொண்டு, பவர் ஸ்டியரிங் பம்பை மாற்றி, 11,400 ரூபாய்க்குப் பில் போட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். முனகல் நின்றிருந்தது. 'டொக்' நிற்கவில்லை. மறுபடி போய்க் கேட்டபோது, சொன்ன சப்தத்தைச் சரிசெய்துவிட்டதாகவும், இது வேறு சப்தமென்றும், இதற்கு வேறு எஸ்டிமேட் போடவேண்டுமென்றும் பதில் வந்தது. அதை மறுத்துப் பேசுவதற்கு என் கையிலிருந்த காகிதத்தில் ஓர் ஆதாரமும் இல்லை.

அந்த இரண்டு வார்த்தைகளைப் பற்றி நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். வயிற்றுவலி என்று மட்டும் சொல்லும் நோயாளிக்கு வைத்தியர் எந்த மருந்தையும் கொடுத்துவிடலாம். எந்த இடத்தில், எந்த வேளையில், எதை உண்ட பிறகு என்று சொல்பவனுக்கே நோயின் நிர்ணயம் கிட்டுகிறது. வண்டியின் விஷயமும் அப்படியே. சப்தத்தின் லட்சணத்தைச் சரியாகச் சொல்லி அதை எழுத்தில் பதிந்து வைப்பவனுக்கு, பழுது நீங்கும் மார்க்கமும், பழுது நீங்காவிட்டால் நியாயம் கேட்கும் மார்க்கமும் ஒரே வாசலாகத் திறக்கின்றன என்பதை அனுபவத்தினால் கற்றபடியால், எனக்குத் தெரிந்தவற்றை இங்கே விஸ்தாரமாகச் சொல்லத் துணிகிறேன்.

கும்பகோணத்துப் பக்கத்தில் சிறு பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் பிற்பாடு வண்டியைக் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறக்கவேயில்லை.

"சத்தம்னா எந்தச் சத்தம் சார்? நின்ன எடத்துல ஒடிக்கிறப்பவா, ஓடுறப்பவா?"

"ரெண்டும் இல்லீங்கண்ணே. பள்ளத்துல எறங்குறப்ப வருது."

"நேரா எறங்குறப்பவா, ஒடிச்சுக்கிட்டே எறங்குறப்பவா? கையில தட்டுதா, கால்ல தட்டுதா?"

இந்த வினாக்களுக்கு விடை சொல்ல முயன்றபோதுதான், நான் அத்தனை நாளும் சப்தத்தைக் கேட்டேனே தவிர கவனிக்கவில்லை என்பது எனக்கு விளங்கியது.

முதலில் வண்டியின் ஜாதி தெரியவேண்டும். 1984 முதல் 2019 வரை நம் தெருக்களில் ஓடிய மாருதி வேனில், பிற்காலத்தில் ஆம்னி என்று வழங்கிய அந்த வண்டியில், எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. ஸ்டியரிங்கை மனிதனின் கைப்பலமே திருப்பியது. ஆகவே ஆயிலின் முனகல் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. 2005-ல் வந்த இன்னோவாவில் பம்பும் ஆயிலும் கொண்ட ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் உண்டு. 2012-ல் வந்த எர்டிகாவிலோ மின்சார மோட்டாரே கைக்கு உதவுகிறது. ஊற்றுவதற்கு ஆயில் இல்லை. மின்சார ஸ்டியரிங் உள்ள வண்டிக்கு ஆயில் மாற்றியதாக யாரேனும் பில் கொடுத்தால், அந்த ஒரு வரியே அவர்களுடைய நேர்மைக்குப் போதுமான சாட்சியாகும்.

ஹைட்ராலிக் வண்டியில் முனகல் கேட்டால் முதலில் பார்க்கவேண்டியது ஆயில் டப்பாவின் அளவுக் கோடு. குழாயிலோ ரேக்கின் முனையிலோ சிறு கசிவு ஏற்பட்டு ஆயில் குறைந்துவிட்டால், பம்பு ஆயிலோடு காற்றையும் இழுக்கிறது. ஸ்டியரிங்கை முழுதும் ஒடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தம் பெரும்பாலான வண்டிகளில் 70 முதல் 100 பார் வரை செல்வதால் (டயரில் நாம் அடைக்கும் காற்று இரண்டேகால் பாருக்குச் சற்று முன்பின்னாகவே இருக்கும்), அந்தக் காற்றுக் குமிழிகள் நெரிபட்டு உடைகின்ற ஒலியே நம் காதில் முனகலாக விழுகிறது. டப்பாவைத் திறந்து பார்த்தால் ஆயில் நுரைத்துப் பால்போல் தோன்றும். இந்த நிலையில் கசிவை அடைத்து, வண்டியின் கையேடு குறிப்பிடும் ஆயிலையே ஊற்றிக் காற்றை வெளியேற்றினால், பம்பு தப்பிவிடுவதும் உண்டு. என் வண்டியின் பழைய பம்பு உண்மையிலேயே தேய்ந்திருந்ததா, அல்லது ஆயில் குறைவால் மட்டும் முனகியதா என்று இன்று யாராலும் சொல்லமுடியாது. ஏனெனில் கழற்றிய பம்பை நான் கேட்டு வாங்கவில்லை.

முனகல் வேறு, கிறீச்சிடுதல் வேறு. எஞ்சினைக் கிளப்பியவுடன் ஒடித்தால் உரத்த குரலில் கிறீச்சென்று கேட்பது பெரும்பாலும் பெல்ட் வழுக்குவதால் வருவது. கடைசிவரை ஒடித்து நிறுத்தும்போது கேட்கும் மெல்லிய சீறல், மிகுந்த அழுத்தத்தை வெளிவிடும் வால்வின் ஒலியாகையால் அஞ்சத்தக்கது அன்று. ஆயினும் அந்த நிலையில் சில விநாடிகளுக்குமேல் பிடித்து வைத்திருப்பது பம்பைச் சூடாக்கிக் கெடுக்கும். முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டியில், ஓடிக்கொண்டே ஒடிக்கும்போது 'கடகட' என்று சக்கரத்தின் வேகத்தோடு சேர்ந்து ஒலித்தால் சி.வி. ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நின்ற இடத்தில் ஒடிக்கும்போது பழைய கதவின் கீல்போல் 'கிர்ர்' என்றால், பால் ஜாயிண்ட் உலர்ந்திருக்கலாம், அல்லது ஷாக் அப்சார்பரின் தலையிலுள்ள பேரிங் தேய்ந்திருக்கலாம். நேர்ச் சாலையில் வேகத்தோடு கூடும் இரைச்சல், வளைவில் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால், அது ஸ்டியரிங்கின் குற்றமே அன்று, சக்கரத்தின் பேரிங்.

இவையெல்லாம் சிரமம் தருபவை. உயிருக்கு நேரடியான அபாயம் 'டொக்' என்ற அந்தச் சிறிய சப்தத்தில்தான் அதிகம் மறைந்திருக்கிறது. ஸ்டியரிங் ரேக்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டை ராடின் முனையில், ஒரு குழிக்குள் உருளும் குண்டு உண்டு. அதைச் சுற்றிக் கிரீஸும், கிரீஸைக் காக்க ரப்பர் உறையும் உண்டு. உறை கிழிந்ததும் மழைநீரும் மணலும் உட்புகுந்து, குண்டும் குழியும் தேய்ந்து, இடைவெளி உண்டாகி, அந்த இடைவெளியில் இரும்பு இரும்பைத் தட்டுவதையே நாம் கேட்கிறோம். தேய்மானம் முற்றினால் குண்டு குழியை விட்டுக் கழன்றுவிடக்கூடும்; அப்புறம் ஸ்டியரிங் ஒரு பக்கமும் சக்கரம் மறுபக்கமும் போகும். பால் ஜாயிண்ட் கழன்றாலோ சக்கரமே சாய்ந்துவிடும். இது பழைய வண்டிகளுக்கு மட்டும் உரிய ஆபத்தும் அன்று. 2023 ஜூலையில், டை ராடின் ஒரு பாகத்தில் குறை இருக்கலாம் என்ற சந்தேகத்தினால், மாருதி சுசூகி நிறுவனம் 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரான 87,599 ஈகோ, எஸ்-பிரெஸ்ஸோ வண்டிகளைத் தானாகவே திரும்ப அழைத்துப் பரிசோதித்தது.

பட்டறைக்காரர் செய்த பரிசோதனை எளியது. உதவிக்கு நின்ற பையனை உள்ளே உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதளவு ஆட்டச்சொல்லி, தாம் கீழே படுத்து டை ராடின் முனையில் விரல்களை வைத்தார். தட்டுதல் விரலில் தெரிந்தது. பிறகு ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டும் வைத்து, சக்கரத்தை இரு பக்கங்களிலும் பிடித்து அசைத்தார்; ஆட்டம் கண்ணுக்கே புலப்பட்டது. மேலும் கீழும் பிடித்து அசைத்தபோது ஆட்டம் இல்லையாதலால் பால் ஜாயிண்டும் பேரிங்கும் பிழைத்திருப்பதாகச் சொன்னார். வீட்டில் இதைச் செய்ய விரும்புகிறவர்கள், வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. டை ராடு முனையை மாற்றிய பிறகு வீல் அலைன்மெண்ட் பார்ப்பது அவசியம். இல்லையேல் டயர் சில மாதங்களில் ஒரு புறமாகத் தேய்ந்துபோகும்.

சட்டம் இந்தச் சிறு உறுப்பை மறந்துவிடவில்லை. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி, ஸ்டியரிங் சக்கரத்தின் வெற்று ஆட்டம் 30 டிகிரிக்கு மேற்படலாகாது என்றும், பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்கவேண்டும் என்றும், இணைப்பு போல்ட்டுகளும் பின்களும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்கவேண்டும் என்றும் விதிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவோ, ஓட்டுபவர் அறிந்த குறையோடு மாத்திரமல்ல, சாதாரணக் கவனத்தினால் அறிந்திருக்கக்கூடிய குறையோடும், பிறருக்கு ஆபத்து விளையும்படி வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதைக் குற்றமாக்கி 1,500 ரூபாய் அபராதம் விதிக்கிறது. அக்குறையால் விபத்து நேர்ந்து ஒருவர் காயமுற்றால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. மாதக்கணக்கில் 'டொக்' என்ற சப்தத்தைக் கேட்டுக்கொண்டு ஓட்டியவர், எனக்குத் தெரியாது என்று சொல்வதற்கு இடமில்லை. இன்ஷூரன்ஸ் பாலிசியிலும், வண்டியைச் செவ்வையான நிலையில் பராமரிக்க நியாயமான முயற்சி செய்யவேண்டும் என்பது ஒரு நிபந்தனை. தேய்மானத்துக்கு அது பணம் கொடுப்பதில்லை. சொந்த உபயோகத்து வண்டியின் பதிவு 15 வருஷத்தில் முடிந்து, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கப்படவேண்டியதாகையால், பரிசோதனை நாளில் இந்தக் குறைகள் எப்படியும் வெளிப்படும்.

கடமைகள் இவை. உரிமைகளும் குறைந்தவை அல்ல. பணம் வாங்கிச் செய்த வேலை சரியில்லையென்றால், 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதைச் சேவைக் குறைபாடு என்கிறது. பில் கொடுக்காமலிருப்பதையே முறையற்ற வணிகமாக அச்சட்டம் கருதுகிறது என்பதைப் பலர் அறியார்கள். வரி மிச்சமாகும் என்ற ஆசையால் பில்லை விட்டுக்கொடுப்பவர் தம் உரிமையைத்தான் விட்டுக்கொடுக்கிறார். முதலில் ஒர்க்ஷாப்புக்கு எழுத்தில் முறையிடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். அவையும் பயன்படாவிட்டால் தாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரையில் மனுவுக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை. காரணம் உண்டான நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு சேரவேண்டும். குறையை நீக்கவும், பணத்தைத் திருப்பித் தரவும், நஷ்டஈடு கொடுக்கவும் ஆணையம் உத்தரவிடலாம். போலி உதிரிபாகம் பொருத்தியிருப்பதாகச் சந்தேகம் எழுந்தால், பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் அனுப்புவதற்குப் பொருள் வேண்டுமே! ஆகையால்தான் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிவரவேண்டும் என்று வற்புறுத்துகிறேன். தயாரிப்பிலேயே குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க அரசாங்கம் உத்தரவிடும் ஏற்பாடு 2021 ஏப்ரல் முதல் அமலில் உள்ளதாயினும், அது ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கானது. முதிர்ந்த வண்டிக்காரருக்கு நுகர்வோர் ஆணையமே துணை.

நான் அந்தப் பெரிய ஒர்க்ஷாப்பின்மேல் மனுச் செய்யவில்லை. மனுவில் எழுத என்னிடம் என்ன இருந்தது? இரண்டு சப்தங்களைச் சொன்னேன் என்பதற்கு அத்தாட்சியில்லை, பழைய பம்பும் இல்லை.

இப்போது வண்டியின் டேஷ்போர்டுப் பெட்டியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருக்கின்றன. பங்குனியில் மறுபடி ஒரு சப்தம் கேட்டபோது, என் மனைவி பக்கத்தில் அமர்ந்து கவனித்து எழுதினாள்: 'மெதுவாக ஓடும்போது, வலப்பக்கம் முழுதும் ஒடித்தால் மட்டும், வலது முன்சக்கரத்தருகே உரசும் ஒலி. நேரே போனால் இல்லை. பிரேக் பிடித்தாலும் மாறவில்லை. கையில் தட்டவில்லை.' அதை ஒர்க்ஷாப்பில் நீட்டி, ஒரு வார்த்தை விடாமல் ஜாப் கார்டில் எழுதச் சொன்னேன். எழுதிய இளைஞன் நிமிர்ந்து, "சார், இது உள்பக்கத்து மட்கார்டு லைனிங் கழண்டு டயர்ல உரசுது போல இருக்கு, ஜாக்கிகூட வேணாம், பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டு, ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு சக்கரத்தருகே குனிந்தான்.