கட்டமைப்பு அதிர்வில் கணினி மாதிரியும் களச்சோதனையும்: தியாகராய நகர் ஆகாய நடைமேம்பாலத்தை முன்வைத்து

முன்னுரை

மாம்பலம் இரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேம்பாலம் 2023 மே மாதத்தில் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 570 மீட்டர், அகலம் 4.2 மீட்டர். தீபாவளிக்கு முந்தைய நாள்களில் ரங்கநாதன் தெருவை நிறைக்கும் கூட்டம் இத்தகைய பாலத்தில் ஏறினால் அது எவ்வாறு அதிரும் என்பதைக் கணினி மாதிரி கொண்டு முன்கூட்டியே கணிக்கலாம். அக்கணிப்பின் மெய்ம்மையைக் களச்சோதனை எந்த அளவிற்கு உறுதிசெய்யும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒப்பீட்டின் கூறுகள்

ஒவ்வொரு கட்டமைப்பிற்கும் இயல்பான அதிர்வெண்கள் சில உண்டு. விறைப்பு மிகுந்தால் அவை உயரும். நிறை மிகுந்தால் தாழும். ஓர் அதிர்வெண்ணில் பாலத்தின் எப்பகுதி எவ்வளவு அசைகிறது என்பது அதிர்வு வடிவம். அசைவு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பது தணிப்பு. முதலிரண்டையும் மாதிரி கணக்கிட்டுத் தரும். தணிப்பைப் பெரும்பாலும் அளந்தே அறிய வேண்டும்.

பொருத்தம் தரும் மயக்கம்

மாதிரி 4.0 ஹெர்ட்ஸ் எனக் கணித்த ஒரு பாலம் சோதனையில் 3.6 ஹெர்ட்ஸில் அதிர்வதாக எடுத்துக்காட்டிற்குக் கொள்ளலாம். மாதிரியில் விறைப்பை 19 விழுக்காடு குறைத்தால் இரண்டும் பொருந்திவிடும்; நிறையை ஏறத்தாழ 23 விழுக்காடு கூட்டினாலும் பொருந்தும். முதல் திருத்தத்தின்படி பாலம் தளர்ந்துள்ளது. இரண்டாவதன்படி அதன் எடை குறைத்து மதிப்பிடப்பட்டுள்ளது. எது உண்மை என்பதை அந்த ஓர் எண் சொல்லாது. அளவு தெரிந்த எடையைப் பாலத்தின் மேல் ஏற்றி மீண்டும் அளந்தால், இரு திருத்தங்களும் வெவ்வேறு விடை தரும், ஐயமும் தீரும்.

ஓர் இணைப்பு மட்டும் தளர்ந்திருந்தால் அதிர்வு வடிவம் மாறும். வடிவங்களை ஒப்பிட 1982இல் ஆலெமாங், பிரவுன் ஆகியோர் முன்வைத்த அளவுகோல் 0 முதல் 1 வரையிலான எண்ணைத் தருகிறது. ஆயினும் முடுக்கமானிகள் மிகச் சிலவே பொருத்தப்பட்டிருந்தால், வேறுபட்ட வடிவங்களும் ஒன்றுபோலத் தோன்றி அவ்வெண் 1ஐ நெருங்கக்கூடும்.

ஒரு சுவடியைக் கொண்டு திருத்திய பாடத்தை அதே சுவடியைக் காட்டி நிறுவ இயலாது. வேறு சுவடி வேண்டும். மாதிரித் திருத்தத்திற்கும் இதுவே விதி.

மாதிரியில் இடம்பெறாதது

2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்ட இலண்டன் மில்லினியம் நடைப்பாலம் பக்கவாட்டில் ஆடியதால் இரண்டே நாள்களில் மூடப்பட்டது. பாலம் சற்றே ஆட, நடப்போர் நிலைதடுமாறாதிருக்கத் தம் அடிகளை மாற்றினர். அவ்வடிகளே ஆட்டத்தை மேலும் வளர்த்தன. வடிவமைப்புக் கணக்கில் இந்த எதிர்வினை இடம்பெறவில்லை. பின்னர் மக்களை அப்பாலத்தில் நடக்கச் செய்து அளந்து, தேவையான தணிப்பைக் கணித்துத் தணிப்பான்கள் பொருத்தினர். 2002 பிப்ரவரியில் பாலம் மீண்டும் திறக்கப்பட்டது.

முடிவுரை

மாதிரி தரவோடு பொருந்துவது மட்டும் அதன் மெய்ம்மைக்குச் சான்றாகாது. திருத்தத்திற்குப் பயன்படாத தரவைக் கொண்டு அதைச் சோதிக்க வேண்டும். ஆளற்ற நேரத்து அளவீடு வெறும் பாலத்தின் இயல்பையே காட்டும். கூட்டம் ஏறிய பாலத்தின் பாதுகாப்பைக் கூட்டத்தோடு அளந்தே உறுதிசெய்ய வேண்டும்.