மெக்ஸிகோவின் ‘ஒளிந்திருக்கும் துறைமுகம்’
தனியாகப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய கடற்கரை

மெக்ஸிகோ என்றால் நம்மவர்களுக்கு 1970-லும் 1986-லும் அங்கே நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகள் நினைவுக்கு வரும். வயதில் மூத்தவர்கள் 1968 ஒலிம்பிக்கைச் சொல்வார்கள். ஆனால் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, துணைக்கு ஆள் இல்லாமல் உலகம் சுற்றக் கிளம்பும் இளைஞர்களிடையே அந்த நாட்டின் வேறொரு பெயர் அடிபடுகிறது. பசிபிக் கடலோரத்தில், வஹாகா மாநிலத்தில் இருக்கும் புவெர்ட்டோ எஸ்கோண்டீடோ என்ற ஊர்தான் அது. ஸ்பானிஷ் மொழியில் இதற்கு ‘ஒளிந்திருக்கும் துறைமுகம்’ என்று பொருள்.

மலை போல் எழும் அலை, இருட்டில் ஒளிரும் நீர், கூட்டம் கூட்டமாகக் கரையேறும் ஆமைகள் என மூன்று அதிசயங்கள் இந்த ஒரு ஊரைச் சுற்றி இருக்கின்றன. அதே சமயம், விவரம் தெரியாமல் இறங்குகிறவரின் உயிரை வாங்கக்கூடிய கடலும் இங்கேதான் இருக்கிறது. நான்கு பேராகப் போனால் ஒருவர் தவறினாலும் மற்றவர் கூச்சல் போடுவார். தனியாகப் போகிறவருக்கு அந்த வசதி இல்லை.

காப்பி ஏற்றிய துறைமுகம்

பெயர் வந்ததற்கு உள்ளூரில் ஒரு கதை வழங்குகிறது. கடற்கொள்ளைக்காரர்கள் ஒரு பழங்குடிப் பெண்ணைத் தூக்கிப் போனார்களாம். அவள் கப்பலிலிருந்து குதித்து நீந்திக் கரையேறிக் காட்டில் ஒளிந்துகொண்டாளாம். தேடி அலுத்தவர்கள் அவளை ‘ஒளிந்தவள்’ என்றே குறிப்பிட, அந்தப் பெயர் ஊருக்கும் ஒட்டிக்கொண்டது என்கிறார்கள்.

கதை எப்படியோ, ஊர் பழைய ஊர் அல்ல. குடிநீர்ப் பஞ்சத்தால் நெடுங்காலம் இங்கே குடியிருப்பு பெருகவில்லை. மலைத் தோட்டங்களில் விளைந்த காப்பியைக் கப்பலில் ஏற்றும் இடமாகத்தான் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இது தலையெடுத்தது. 1960-களில் கடலோர நெடுஞ்சாலை வந்த பிறகு அலைச் சறுக்கு வீரர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். ஒளிந்திருந்த ஊர் வெளிச்சத்துக்கு வந்தது.

ரயில் இல்லாத கரை

இந்த ஊருக்கு ரயில் கிடையாது. மெக்ஸிகோவில் 1990-களில் ரயில்வே தனியார் கைக்குப் போனதும் பயணி ரயில்களில் பெரும்பாலானவை நின்றுபோயின. ஆகவே வெளியூர்க்காரருக்கு விமானம், இல்லாவிட்டால் பஸ் என்ற இரண்டே வழி. மெக்ஸிகோ நகரிலிருந்து விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம்.

மாநிலத் தலைநகரான வஹாகாவிலிருந்து சாலையில் வருவது முன்பெல்லாம் பெரிய சோதனை. தென் சியெர்ரா மாத்ரே மலைத்தொடரை வளைந்து வளைந்து ஏறி இறங்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியெல்லாம் வாந்தி எடுக்காமல் வந்து சேர்ந்தவர் அதிர்ஷ்டசாலி. 2024 பிப்ரவரியில் 104 கிலோ மீட்டர் நீளமுள்ள புதிய மலைச்சாலை திறக்கப்பட்டது. இப்போது சுமார் மூன்று மணி நேரத்தில் கரைக்கு வந்துவிடலாம். இதனால் கூட்டமும் கட்டடமும் பெருகுகின்றன.

ஒரே ஊர், இரண்டு கடல்

ஊரில் இறங்கியவுடன் தனிப் பிரயாணி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இங்கே ‘கடற்கரை’ என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதுதான்.

ஊருக்கு மேற்குப் பக்கம் கார்ரிஸாலீயோ என்றொரு சிறு வளைகுடா. மேலிருந்து நூற்றைம்பதுக்கும் அதிகமான படிகள் இறங்கிப் போக வேண்டும். இருபுறமும் பாறைகள் கைகோத்து அணைத்ததுபோல் நிற்க, நடுவே பச்சை நீர் அமைதியாகக் கிடக்கும். குழந்தைகள் குளிக்கிறார்கள். அலைப்பலகையில் ஏறி நிற்கப் பழகுகிறவர்கள் விழுந்து எழுந்து சிரிக்கிறார்கள்.

கிழக்குப் பக்கம் சிகாத்தேலா. மைல் கணக்கில் நீளும் தங்க நிற மணல். பார்க்க அழகுதான். ஆனால் உலகத்தின் மிக முரட்டு அலைகளில் ஒன்று எழும் இடம் இது. ஹவாய்த் தீவின் புகழ்பெற்ற ‘பைப்லைன்’ அலையை ஒட்டி, இதற்கு ‘மெக்ஸிகன் பைப்லைன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏப்ரல், மே முதல் அக்டோபர் வரை அலைகள் இரண்டு மாடி உயரம் எழுவது சாதாரணம். உருண்டு வரும் நீர்க்குழாய்க்குள் புகுந்து மறுபக்கம் வெளிவர உலகம் முழுவதிலிருந்தும் வீரர்கள் வருகிறார்கள். அவர்களுக்கே எலும்பு முறிவதுண்டு.

இரண்டு இடத்துக்கும் இடையே ஆட்டோ தூரம்தான். காலையில் கார்ரிஸாலீயோவில் சுகமாக நீந்தியவர், அதே தைரியத்தில் மாலையில் சிகாத்தேலாவில் இடுப்பளவு நீரில் இறங்கினால் ஆபத்து.

ஏன் இந்த வெறி?

பசிபிக்கின் தென்கோடியில், அண்டார்டிகாவை ஒட்டிய கடலில் அங்கே குளிர்காலமான மாதங்களில் பெரும் புயல்கள் வீசுகின்றன. அவை கிளப்பிவிடும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் ஓடி மெக்ஸிகோவின் கரைக்கு வருகின்றன. மற்ற கரைகளில் கடல் கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் குறைந்து, அலையின் வேகத்தைத் தணித்துவிடும். சிகாத்தேலாவிலோ கரைக்கு வெகு அருகில் வரை ஆழம். ஓடி வந்த அலை வேகம் குறையாமல் மணல் திட்டில் மோதி ஒரேயடியாக எழும்பிக் கவிழ்கிறது.

கரையில் கொட்டிய நீர் கடலுக்குத் திரும்பியாக வேண்டுமல்லவா? அது ஒரு குறுகிய வழியைப் பிடித்து, ஆறு போலப் பின்னோக்கி ஓடும். இந்த இழுப்பின் வேகம் சில சமயம் ஒலிம்பிக் நீச்சல் வீரரின் வேகத்தையும் மிஞ்சிவிடும். இதில் அகப்பட்டவர்கள் பயந்து, கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போய்த்தான் மூழ்குகிறார்கள்.

இழுப்பு ஆளைக் கடலடிக்குக் கொண்டுபோவதில்லை, தூரத்துக்குத்தான் கொண்டுபோகிறது. ஆகவே பதறாமல் மிதக்க வேண்டும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைவிட்டு விலகிய பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் கையை உயர்த்தி ஆட்ட வேண்டும். சிகாத்தேலாவில் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். சிவப்புக் கொடி பறந்தால் காலைக்கூட நனைக்க வேண்டாம். கொடி கண்ணில் படாவிட்டால் அங்குள்ள மீனவரையோ கடைக்காரரையோ கேட்கலாம். ‘சே புவேதே நதார் ஆக்கீ?’ என்றால் ‘இங்கே நீந்தலாமா?’ என்று அர்த்தம். மழைக்காலத்து ஜூகுவைப் பார்த்திருக்கும் மும்பை வாசகர்களுக்கு இதன் அருமை புரியும்.

இருட்டில் ஒளிரும் நீர்

ஊருக்கு மேற்கே சுமார் 15 கிலோ மீட்டரில் மனியால்தெபெக் என்ற காயல். அலையாத்தி மரங்கள் சூழ்ந்தது. நிலவில்லாத இரவில் படகில் போய் நீரில் கையை விட்டால் விரல்களைச் சுற்றி நீல வெளிச்சம் சிதறும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நீர் அசையும்போது உமிழும் ஒளி அது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையிலும் இதுபோன்ற நீல ஒளி தோன்றி, ஜனங்கள் நள்ளிரவில் திரண்டு பார்த்தது நினைவிருக்கலாம். பௌர்ணமியை ஒட்டிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

நம் பங்குனி ஆமை அங்கேயும்

நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்லும் அதே இனம் இந்தக் கரைக்கும் வருகிறது. ஒரிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளிலும், மராட்டியத்தின் ரத்னகிரி மாவட்டம் வேலாஸ் கிராமத்திலும் முட்டையிடும் ஆமைதான் இது. புவெர்ட்டோ எஸ்கோண்டீடோவுக்குக் கிழக்கே உள்ள எஸ்கோபீயா கரையில் ஒரு பருவத்தில் லட்சக்கணக்கான ஆமைகள் ஏறிக் குழி தோண்டி முட்டையிடுகின்றன. ஒரு குழியில் சுமார் நூறு முட்டை. அது பாதுகாக்கப்பட்ட சரணாலயம் என்பதால் இஷ்டம்போல் நுழைய முடியாது.

ஊரிலேயே பகோச்சோ கடற்கரையில் மாலை வேளைகளில் ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். வருகிறவர்களும் கலந்துகொள்ளலாம். குஞ்சைக் கையால் தொடக்கூடாது, சிரட்டை போன்ற கிண்ணத்தில்தான் ஏந்த வேண்டும். ஆயிரத்தில் ஒன்றுதான் பிழைத்துப் பெரிதாகும் என்பது கணக்கு.

இன்னும் கிழக்கே மசுந்தே என்ற கிராமம். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தின் பிழைப்பே ஆமை அறுப்பதுதான். பக்கத்து ஊரில் அதற்கென்று தொழிற்கூடமே இருந்தது. 1990-இல் மெக்ஸிகோ அரசு ஆமை வேட்டையை அடியோடு தடை செய்தது. ஒரே நாளில் வருமானம் போயிற்று. பிறகு ஆமை ஆராய்ச்சி மையம் வந்தது. கிராமத்தார் கூட்டுறவு முறையில் இயற்கை அழகுப் பொருள் செய்யத் தொடங்கினார்கள். இன்று ஆமையைப் பார்க்க வருகிறவர்களால் அந்த ஊரில் அடுப்பு எரிகிறது.

சாப்பாடும் மற்ற சங்கதிகளும்

மக்காச்சோள ரொட்டியும் மிளகாயும் அவரை வகைகளும்தான் அங்கே முக்கிய உணவு. காரத்துக்குப் பஞ்சமில்லை. புளித் தண்ணீரில் சர்க்கரை போட்டு விற்கிறார்கள். சைவக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மசித்த பயறு சைவம்போல் தோன்றினாலும், பன்றிக் கொழுப்பில் தாளிப்பது வழக்கம். ‘சின் கார்னே, சின் மன்தேகா’ என்றால் இறைச்சியும் கொழுப்பும் வேண்டாம் என்று பொருள்.

கடலோர ஊர்களுக்கிடையே கூரை போட்ட சிறு லாரிகள் ஷேர் ஆட்டோ போல ஓடுகின்றன. இருட்டிய பிறகு ஆளரவமற்ற மணலில் தனியே நடப்பதைத் தவிர்ப்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் நல்லது.

மே நடுவிலிருந்து நவம்பர் முடிய அங்கே புயல் பருவம். 2022 மே மாதம் அகதா புயலும், 2025 ஜூனில் எரிக் புயலும் இந்த மாநிலத்தின் கரையைத்தான் தாக்கின. முதல்முறை போகிறவருக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை தோதான காலம். அப்போது கடலும் சற்று அடங்கியிருக்கும்.

விசா விதிகளை டில்லியிலுள்ள மெக்ஸிகோ தூதரகத்தில் விசாரித்துக்கொள்ளலாம். வீட்டாருக்குத் தங்குமிடத்தின் விலாசத்தைக் கொடுத்துவிட்டு, தினம் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் தகவல் சொல்வதென்று பேசி வைப்பது நல்லது. அங்கே மாலை ஆறு மணி என்றால் நமக்கு மறுநாள் காலை ஐந்தரை. அங்கே கடலிலிருந்து கரையேறி ஒரு வார்த்தை பேசினால், இங்கே அம்மா நிம்மதியாகக் காப்பி போடப் போவாள்.